விழப்போகிற பல்தானே என்று விட்டதில் நாங்கள் இழந்தவை

என் மகனுக்கு மூன்று வயது ஒன்பது மாதம் ஆகியிருந்தபோது, எல்.கே.ஜி. சேர்க்கைக்குப் படம் எடுப்பதற்காக அவனைத் தருமபுரியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றேன். சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்த தம்பி, அதைக் கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "வாயை மூடின மாதிரி இன்னொண்ணு எடுத்துக்கலாமாக்கா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். திரையில் என் பிள்ளையின் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோரத்தில் பழுப்பேறி, ஓரங்கள் தேய்ந்து, ஒன்று பாதியளவுக்கு உடைந்து தெரிந்தன. நாள்தோறும் நான் கழுவித் துடைத்து முத்தமிடும் முகம் அது. ஓர் அந்நியர் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் அந்த வாய்க்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை நான் பார்த்தேன். அன்றைக்கு வந்த வெட்கத்தையும் அதற்குப் பின் வந்த எட்டு மாத அலைச்சலையும் இங்கே ஒளிக்காமல் எழுதுகிறேன். என் கணவர் லாரி ஓட்டுநர். மாதத்தில் இருபது நாள்கள் வெளிமாநிலத்தில் இருப்பார். ஆகவே மருத்துவமனை வாசல்களில் பெரும்பாலும் நானும் பிள்ளையும் மட்டுமே நின்றோம். ஒரே ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொல்லியிருந்தால் போதுமே என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

எங்கள் வீட்டில் மிட்டாய், சாக்லேட் எதுவும் அதிகம் வாங்குவதில்லை. அதனால்தான் எனக்கு இது புரியவேயில்லை. பிள்ளைக்குப் பத்து மாதம் ஆனபோது நான் மீண்டும் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கெழுதும் வேலைக்குப் போகத் தொடங்கினேன். பகலில் அவனை அத்தை, அதாவது என் மாமியார், பார்த்துக்கொண்டார். இரவில் அவனைத் தூங்கவைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பால் பாட்டில்தான். வெள்ளைச் சர்க்கரை கெடுதல் என்று எண்ணிப் பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சிய பாலைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பேன். அவன் ரப்பரை வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவான். நடுவில் சிணுங்கினால் மிச்சப் பாலோடு அதையே மறுபடி வாயில் வைப்பேன். மூன்று வயது தாண்டும்வரை இதுதான் வழக்கம். இதற்கிடையே அவனுக்கு அடிக்கடி சளியும் இளைப்பும் வரும் என்பதால், வாரக்கணக்கில் இரவு மருந்தாக இனிப்பு சிரப் கொடுத்துப் படுக்கவைத்ததும் உண்டு. பனங்கற்கண்டு, கருப்பட்டி, வெல்லம், தேன் எல்லாம் உடம்புக்கு நல்லவை என்ற நம்பிக்கையிலேயே நான் வளர்ந்தவள். பல்லின் மேல் ஒட்டியிருக்கும் கிருமிக்கு அவையும் சர்க்கரைதான் என்று பின்னால் ஒரு மருத்துவர் சொன்னபோது, கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வாயில் வாழும் சில கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் பல்லின் மேலுறையான எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. உமிழ்நீர் ஊறி அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்துபோன சத்தைத் திரும்பச் சேர்ப்பதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம், சில வேளைகளில் அதற்கும் மேல், ஆகிறது. விழித்திருக்கும்போது இந்தப் பழுதுபார்ப்பு நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், இரவில் பல்லில் தேங்கும் பாலும் கற்கண்டும் விடியும்வரை அங்கேயே நின்று அரிக்கும். எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை முறை, எவ்வளவு நேரம் அது பல்லில் இருக்கிறது என்பதே பெரிய கேள்வி என்றார். மிட்டாயே தராத எங்கள் வீட்டுப் பிள்ளைக்குச் சொத்தை வந்ததற்கும், திருவிழாவில் மட்டும் வயிறு நிறைய இனிப்பு தின்னும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பல் நன்றாக இருந்ததற்கும் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஸ்டூடியோவிலிருந்து திரும்பிய இரவு, கைபேசியில் இருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றரை வயதில் குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்த அன்று எடுத்த படத்தில், மேல் முன்பற்களில் ஈறை ஒட்டிச் சுண்ணாம்பில் கோடு இழுத்தாற்போல் வெள்ளைவெளேர் என்று ஒரு பட்டை தெரிந்தது. பல் வெள்ளையாக இருப்பது நல்லதுதானே என்று அப்போது நினைத்திருப்பேன். அதுதான் சொத்தையின் முதல் அடையாளம். எனாமலில் சத்து கரையத் தொடங்கியிருக்கிறது, ஆனால் இன்னும் குழி விழவில்லை என்று அதற்குப் பொருள். அந்தக் கட்டத்தில் இரவுப் பாட்டிலை நிறுத்தி, ஃபுளோரைடு பேஸ்ட்டால் துலக்கி, மருத்துவரிடம் ஃபுளோரைடு வார்னிஷ் என்ற பூச்சைப் பல்லில் பூசிக்கொண்டால், துளையிடாமல் ஊசி போடாமல் பல்லைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. இரண்டு ஆண்டுகளும் மூன்று மாதங்களும் அந்த வெள்ளைக்கோடு என் கைபேசியிலேயே இருந்திருக்கிறது. ஆகையால் குழந்தை வைத்திருக்கும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதுதான்: மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் இடத்தைப் பாருங்கள். அரை நிமிடம்கூட ஆகாது. வெள்ளைப் பட்டை தெரிந்தால் அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள், பழுப்பாகும்வரை காத்திருக்காதீர்கள்.

நான் பதறியபோது வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் ஆறுதல் சொன்னார்கள். "பால் பல்லுதானே கண்ணு, விழுந்து முளைக்கப் போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு விசாரம்?" என்றார் அத்தை. அவர் மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். அவர் சொல்லைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. அதோடு வேலை, பணம், தூரம் எல்லாம் சேர்ந்துகொண்டதால் ஆறு வாரங்களைச் சும்மா கடத்திவிட்டேன். பால் பற்கள் மொத்தம் இருபது. முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கினாலும், கடைவாய்ப் பால் பற்கள் பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. அதுவரை அந்தப் பிள்ளை அவற்றால்தான் மென்று சாப்பிட வேண்டும். அடியில் வளரும் நிலைப்பல்லுக்கு இடம்பிடித்து வைத்திருப்பதும் அவையே. சீக்கிரமே ஒன்று போய்விட்டால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்துக்குச் சாய்ந்துவிடும். பிறகு முளைக்கும் பல் கோணலாக முளைக்கலாம். வேரில் சீழ் பிடித்தால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் பழுதாகலாம். "விழப்போகிற பல்தானே" என்ற அந்தச் சொல்லுக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையைக் கீழே கணக்குப் போட்டே எழுதியிருக்கிறேன்.

முதலில் பக்கத்தில் இருந்த ஒரு பல் மருத்துவமனைக்குப் போனோம். பெரியவர்களுக்கு வைத்தியம் செய்து பழகியவர்கள் அவர்கள். நான்கு வயதுகூட நிறையாத பிள்ளையை நாற்காலியில் படுக்கவைத்து, நானும் உதவியாளர்கள் இருவரும் கை, கால், தலையைப் பிடித்துக்கொள்ள, அவன் அலறலுக்கு நடுவே இரண்டு கடைவாய்ப் பற்களை அடைத்தார்கள். உமிழ்நீர் படாமல் உலர்வாக வைத்து அடைத்தால்தான் அடைப்பு நிற்கும் என்பதை நான் பின்னால் தெரிந்துகொண்டேன். அழுது திமிறும் குழந்தையின் வாயில் அது எப்படி முடியும்? மூன்று வாரத்தில் ஒன்று சோற்றோடு பெயர்ந்து வந்தது. அடுத்த வாரம் இன்னொன்றும் விழுந்தது. அங்கே போன பணத்தைவிட என்னை இன்றும் உறுத்துவது, அதன் பிறகு வெள்ளைச் சட்டை போட்ட யாரைக் கண்டாலும் என் பிள்ளை என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டதுதான். உங்கள் குழந்தை மிகச் சிறியதாகவோ மிகவும் பயப்படுவதாகவோ இருந்தால், குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு படித்தவரைத் தேடிப் போங்கள். மாவட்டத் தலைநகரில் கிடைக்காவிட்டால் அருகில் உள்ள பல் மருத்துவக் கல்லூரியில் அதற்கென்று தனித் துறை இருக்கும்.

இன்னொன்றையும் நான் சொல்லியாக வேண்டும். அந்த மாதங்களில் அவன் சோற்றை வாயில் போட்டால் விழுங்காமல் வலக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். முறுக்கு, கடலை, சப்பாத்தி எதையும் தொடமாட்டான். பாலும் ரசஞ்சோறும் மட்டும் கேட்பான். எடை பன்னிரண்டரை கிலோவில் நின்றுவிட்டது. பிடிவாதம் என்று நினைத்து அவனைத் திட்டினேன். இரண்டு முறை அடித்தும்விட்டேன். இடப்பக்கம் மென்றால் வலிக்கிறது என்று சொல்ல அந்த வயதில் அவனுக்குச் சொல் இல்லை. குழந்தை திடீரென்று மெல்லுவதைத் தவிர்த்தாலும், ஒரே பக்கமாக மென்றாலும், குளிர்ந்த தண்ணீருக்கு முகம் சுளித்தாலும், இரவில் காரணம் தெரியாமல் எழுந்து அழுதாலும், திட்டுவதற்கு முன் வாயைத் திறந்து பாருங்கள்.

இரவுகளில் வலி அதிகமானது. பக்கத்து வீட்டு அம்மா நல்ல எண்ணத்தோடு கிராம்புத் தைலத்தைப் பஞ்சில் நனைத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். காலையில் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் வெந்து வெளுத்திருந்தன. கலப்பில்லாத கிராம்புத் தைலம் குழந்தையின் மெல்லிய தோலைச் சுட்டுவிடும், விழுங்கினால் ஆபத்து என்று மருத்துவர் பின்னால் எச்சரித்தார். சந்தையில் பல்லிலிருந்து புழு எடுத்துக் காட்டுகிற ஆளிடம் போகலாம் என்றும் ஓர் உறவினர் சொன்னார். அதற்கு மட்டும் நான் இணங்கவில்லை. சொத்தைப் பல்லில் புழு என்று ஒன்று கிடையாது. எடுத்துக் காட்டுகிறவர் அதைக் கையோடு கொண்டுவந்திருப்பார்.

ஐப்பசி மாதத்து மழை நாள் ஒன்றில் காலையில் எழுந்தபோது அவனது இடது தாடை வீங்கி, தொட்டால் சுட்டது. காய்ச்சல் 102 டிகிரி இருந்தது. கணவர் அப்போது நாக்பூர் பக்கம் எங்கோ வழியில் இருந்தார். பல்லில் தொடங்கிய தொற்று முகத்துக்குப் பரவியிருக்கிறது என்று சொல்லி, மருத்துவர் ஆன்டிபயாட்டிக் தொடங்கினார். அன்று அவர் சொன்ன எச்சரிக்கைகளை ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைத்தேன்: வீக்கம் கண்ணை நோக்கி ஏறினாலோ, கழுத்துக்கு இறங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ வாயைத் திறக்கவோ சிரமப்பட்டாலோ, குழந்தை சோர்ந்து துவண்டாலோ, நேரம் எதுவானாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மருந்தில் வீக்கம் வற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பது இன்னொரு தவறு. பல்லுக்குள் இருக்கும் சீழின் மூலம் அப்படியேதான் இருக்கும். பல்லுக்குச் சிகிச்சை செய்யாவிட்டால் அது திரும்ப வரும்.

அந்த வாரமே சேலத்தில் ஒரு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். அங்கே குழந்தைகள் பிரிவில் இருந்த பெண் மருத்துவர் என் மகனின் வாயைப் பார்த்தார். மேல் முன்பற்கள் நான்கும் அரித்துப்போயிருக்க, கீழ் முன்பற்கள் முத்துப்போல் இருந்தன. அதைப் பார்த்த உடனே, "ராத்திரி பாட்டிலோட தூங்குவானாம்மா?" என்று கேட்டார். நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உறிஞ்சும்போது நாக்கு கீழ்ப்பற்களை மூடிக்கொள்ளும், கீழே உமிழ்நீரும் தேங்கி நிற்கும், ஆகையால் அவை தப்பிவிடும், பால் முழுக்க மேல் பற்களைச் சுற்றித் தேங்கும் என்று விளக்கினார். என்னைக் குற்றம் சொல்லாமல், தினமும் தன்னிடம் வரும் குழந்தைகளில் பலருக்கு இதே கதைதான் என்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

அதற்குமுன் ஒரு தனியார் மருத்துவமனையில் விசாரித்திருந்தேன். முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்க 85,000 ரூபாய் என்றார்கள். மிகச் சிறிய குழந்தைக்கும் ஒத்துழைக்கவே முடியாத குழந்தைக்கும் அது தேவைப்படலாம். எங்கள் மருத்துவரோ, அவசரமில்லாமல் பல தடவையாகச் செய்து பார்க்கலாம் என்றார். முதல் நாள் நாற்காலியை ஏற்றி இறக்கி விளையாடவைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து, எதைச் செய்வதற்கு முன்பும் அதை முதலில் சொல்லி, பிறகு அவன் விரல் நகத்தில் செய்து காட்டி, அதன் பின்னரே பல்லில் செய்தார். இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படியே கழிந்தது. இந்த இரண்டு நாள்களும் வீணானதற்கு நாங்களே காரணம். சாப்பிடாவிட்டால் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று நாங்கள் பயமுறுத்தி வளர்த்திருந்தோம். அந்த மிரட்டலை எந்தக் குழந்தையிடமும் பயன்படுத்தாதீர்கள். "ஒண்ணுமே வலிக்காது" என்று பொய்யும் சொல்லாதீர்கள். "கொஞ்சம் சுருக்குன்னு இருக்கும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று சொன்னது எங்களுக்கு நன்றாக வேலை செய்தது. காலையில் குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்து தெம்பாக இருக்கும் நேரமாகப் பார்த்து முறை வாங்குங்கள்.

மொத்தம் ஏழு பயணங்கள். நரம்புவரை போய்விட்ட இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு வேர் சிகிச்சை செய்தார்கள். அவற்றோடு இன்னொரு பல்லுக்கும் சேர்த்து மூன்று எஃகுக் கேப்புகள் போட்டார்கள். காப்பாற்ற முடியாத மேல் முன்பற்கள் இரண்டையும், சீழ் பிடித்த கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றையும் பிடுங்கினார்கள். அந்தக் கடைவாய்ப் பல் இருந்த இடம் மூடிக்கொள்ளாமலிருக்க, பக்கத்துப் பல்லில் மாட்டிய ஒரு கம்பி வளையம் பொருத்தினார்கள். மீதி இரண்டு முன்பற்களில் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவினார்கள். துளையிடாமல் சொத்தையை அப்படியே நிறுத்தி இறுகச் செய்யும் மருந்து அது. ஆனால் சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும், அது மாறாது. முன்கூட்டியே சொல்லி, என் சம்மதத்தைக் கேட்ட பிறகே தடவினார்கள். அதைப் பார்த்த உறவினர்கள் பல் இன்னும் கெட்டுவிட்டதாகப் பேசினார்கள். கறுப்பாகிக் கெட்டிப்பட்டிருந்தால் அது சிகிச்சை பலித்ததன் அடையாளம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

பணக்கணக்கு இது. முதல் மருத்துவமனையில் ஆலோசனை, எக்ஸ்ரே, பெயர்ந்துபோன இரண்டு அடைப்புகள் எல்லாம் சேர்த்து 2,100 ரூபாய். வீக்கத்துக்கான மருந்து 640. கல்லூரியில் எக்ஸ்ரே 300, வேர் சிகிச்சை 3,000, கேப் மூன்றுக்கு 3,600, பல் பிடுங்க 600, வளையம் 1,500, கறுப்பு மருந்தும் வார்னிஷும் 700, ஆக 9,700. ஏழு தடவை பேருந்து, ஆட்டோ என்று 2,800. சம்பளம் பிடிக்கப்பட்ட எட்டு நாள்கள் 4,800. எல்லாம் கூட்டினால் இருபதாயிரத்தைத் தாண்டியது. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. ஒரு ஜோடித் தோட்டை அடகு வைத்தேன். அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் முதலில் விசாரித்திருந்தால் இதில் ஒரு பகுதி மிச்சமாகியிருக்கும். இன்னொன்றும் எனக்குத் தெரியாமல் போயிற்று: அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறையும், அரசுப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வரும் ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசுக் குழந்தைகள் நலத் திட்டத்து மருத்துவக் குழுவின் பரிசோதனைப் பட்டியலில் சொத்தைப் பல்லும் இருக்கிறது. மகனை அங்கன்வாடிக்கு அனுப்பாததால் அந்த வாய்ப்பையும் இழந்தேன். உங்கள் பிள்ளை அங்கே போகிறான் என்றால், குழு வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு, பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஃபுளோரைடு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்து ஆள்களுக்கு இது தனிச் சங்கடம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். என் கணவருக்கும் அவர் அண்ணனுக்கும் பல்லில் பழுப்புப் பட்டைகள் இருப்பது அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்ததே இந்தப் பிரச்சினைக்காகத்தான். அப்படிப்பட்ட ஊரில் ஃபுளோரைடு என்ற சொல்லைக் கேட்டாலே பயம் வரும். நானும் பயந்து, ஃபுளோரைடு இல்லாத பேஸ்ட் எது என்று தேடித்தேடி வாங்கி, அதையும் அவனையே துலக்கிக்கொள்ளச் சொல்லி விட்டிருந்தேன். மருத்துவர் சொன்னது வேறு. ஈறுக்குள் எனாமல் உருவாகும் சின்ன வயதில், குடிநீர் வழியாக நாள்தோறும் அளவுக்கு மீறி வயிற்றுக்குள் போகும் ஃபுளோரைடுதான் பல்லைக் கறைப்படுத்துகிறது. பல்லின் மேல் மிகச் சிறிதளவு தடவித் துப்பும் ஃபுளோரைடு எனாமலை இறுக்கிச் சொத்தையைத் தடுக்கிறது. ஆனால் இந்த மாவட்டத்தில் ஊகித்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது, முதலில் உங்கள் வீட்டுத் தண்ணீரைச் சோதியுங்கள் என்றார்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இரண்டு பாட்டில்கள் கொடுத்தேன். குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவாக இருந்தது. சமையலுக்குப் பயன்படுத்திய போர் தண்ணீரில் 1.9 இருந்தது. இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடவே செய்யும். அன்றிலிருந்து சோறு, குழம்பு எல்லாவற்றுக்கும் குழாய்த் தண்ணீர்தான். அறிக்கையைப் பார்த்த பிறகு மருத்துவர், 1000 பி.பி.எம். (அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு) ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டையே பயன்படுத்தச் சொன்னார். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு, அதற்கு மேல் வேண்டாம். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் முழுக்க நீளமாகப் பிதுக்கக் கூடாது. பேஸ்ட் டியூபைக் குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். துலக்கியபின் துப்பினால் போதும். தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய மருந்தும் கழுவிப்போய்விடும்.

துலக்கும் முறையையும் மாற்றினோம். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லி வளர்ந்த நாம், குழந்தைக்குக் கையில் கிடைத்த ஏதோ ஒரு பல்பொடியை எடுத்து விரலால் தேய்த்துவிடுகிறோம். கரியும் சாம்பலும் கலந்த பொடி பால் பல்லின் மெல்லிய எனாமலைத் தேய்த்துவிடும். தானாகச் சட்டைப் பொத்தான் போட்டு, ஒழுங்காக எழுதும் அளவுக்குக் கைப் பழக்கம் வரும்வரை, அதாவது ஏழெட்டு வயதுவரை, பெரியவர்தான் துலக்கிவிட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நான் பாயில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் வைத்து, மேலிருந்து பார்த்தபடி துலக்குகிறேன். நின்றுகொண்டு கண்ணாடி முன்னால் துலக்கியபோது தெரியாத பின்பற்கள் எல்லாம் இப்படிப் படுக்கவைத்தால் நன்றாகத் தெரிகின்றன. காலையைவிட இரவுத் துலக்கல் முக்கியம். அதன் பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. இரவு சிரப் கொடுக்க வேண்டியிருந்தால் துலக்குவதற்கு முன்பே கொடுத்துவிடுகிறேன். சர்க்கரை இல்லாத வகை இருக்கிறதா என்றும் கேட்டு வாங்குகிறேன்.

பாட்டிலை நிறுத்தியதுதான் கடினம். ஒரே நாளில் பிடுங்கியபோது மூன்று இரவு வீடே தூங்கவில்லை; தோற்றுத் திரும்பக் கொடுத்தேன். பிறகு மருத்துவர் சொன்னபடி முதலில் கற்கண்டை நிறுத்தினேன். அதன்பின் பாலில் ஒவ்வோர் இரவும் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனேன்; பன்னிரண்டாம் நாள் பாட்டிலில் வெறும் தண்ணீர்தான் இருந்தது, அவனே அதைத் தள்ளிவிட்டான். பாலை மாலை ஏழு மணிக்கே டம்ளரில் கொடுக்கத் தொடங்கினேன். என்னைப் போல் மூன்று வயதுவரை இழுக்காமல், ஒரு வயதிலேயே டம்ளருக்கு மாற்றிவிட்டால் இந்தப் போராட்டமே இருக்காது. பல் முளைக்காத குழந்தைக்கு ஈறை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். முதல் பல் தெரிந்த நாளிலிருந்து துலக்கத் தொடங்கி, முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடலாம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் இதைப் படித்துப் பயந்து அதை நிறுத்திவிட வேண்டாம். பல் வந்தபின் துலக்குவதில் கவனமாக இருங்கள்.

சாப்பாட்டில் நாங்கள் எதையும் அறவே விலக்கவில்லை. நேரத்தை மட்டும் கட்டுப்படுத்தினோம். அத்தை பகலெல்லாம் கையில் ஒரு பிஸ்கட், சற்று நேரம் கழித்து இன்னொன்று என்று கொடுத்துக்கொண்டே இருப்பார். பல்லில் பசைபோல் ஒட்டும் பிஸ்கட், ரஸ்க், பேரீச்சை, கடலை மிட்டாய் ஆகியவை சட்டென்று கரைந்துபோகும் இனிப்பைவிட அதிக நேரம் பல்லில் தங்குகின்றன. இப்போது மாலை நான்கு மணிக்கு ஒரே ஒரு தடவை தீனி. இனிப்பு என்றால் சாப்பாட்டோடு சேர்த்து. இடையில் பசித்தால் வேர்க்கடலை, சுண்டல், கொய்யா, மோர், தண்ணீர். அத்தையிடம் இதைச் சொல்வது எளிதாக இல்லை. பேரனைப் பட்டினி போடச் சொல்வதாக அவருக்கு வருத்தம். மூன்றாம் பயணத்தில் அவரையும் சேலத்துக்கு அழைத்துப்போனேன். பல் பிடுங்கியபோது அவரே வெளியில் உட்கார்ந்து அழுதார். அதன் பிறகு பிஸ்கட் டப்பா அவராகவே மேல் அலமாரிக்குப் போய்விட்டது.

கடைசியாக மருத்துவர் என் வாயையும் திறந்து பார்த்தார். எனக்கு மூன்று பற்களில் கவனிக்காமல் விட்ட சொத்தை. சோறு சூடாக இருக்கிறதா என்று நான் சுவைத்துப் பார்த்த அதே கரண்டியால் பிள்ளைக்கு ஊட்டும்போது, என் வாயில் இருக்கும் கிருமி அவன் வாய்க்குப் போய்க் குடியேறுகிறது என்றார். கர்ப்பமாக இருக்கும்போதே தாய் தன் பல்லைச் சரிசெய்துகொள்வது குழந்தைக்கும் செய்கிற உதவி என்பதை எந்தப் பரிசோதனை நாளிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை. இப்போது கருவுற்றிருக்கும் என் தங்கையைப் போன மாதம் நானே பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன்.

மகனுக்கு இப்போது ஆறு வயதாகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ் பூசுகிறோம். புதிதாகச் சொத்தை எதுவும் இல்லை. எடை பதினெட்டு கிலோ. முறுக்கைக் கடித்துத் தின்கிறான். சென்ற வாரம் இரவு மடியில் படுக்கவைத்து டார்ச் அடித்துத் துலக்கியபோது, கீழ்வரிசையில் எஃகுக் கேப்புக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாத இடத்தில், ஈறைக் கிழித்துக்கொண்டு ஒரு வெள்ளை முனை எட்டிப்பார்த்தது. ஆறு வயதில் இப்படி வரிசையின் கடைசியில் முளைப்பது பால் பல் இல்லை, ஆயுளுக்கும் இருக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப் பல் என்று மருத்துவர் முன்பே சொல்லிவைத்திருந்தார். எதுவும் விழாமல் முளைப்பதால் பலர் அதையும் பால் பல் என்றே எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பிலுள்ள ஆழமான பள்ளங்களில் உணவு தங்காமலிருக்க, பல் முழுதாக வெளியே வந்ததும் சீலண்ட் என்ற மெல்லிய பூச்சால் மூடிவிடலாமாம். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிப் பேருந்தில் சேலம் போகிறோம். இந்த முறை கணவரும் வருகிறார்.